ஹீட்டருக்கு நான் காத்திருக்கவில்லை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருவருடைய வேலை போயிற்று. ஏழு ஆண்டுகள் அதை மறைத்துக்கொண்டுதான் விமானம் ஓட்டினேன்... உங்களிடம் இனியும் மறைக்க மாட்டேன்.

எங்கள் குடும்பம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். அப்பா என்னை வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து எளாவூர்க்காரரான முருகேசன் அண்ணன். மொழி புரியாத அந்த ஊரில், "இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?" என்று அவர் கேட்டாலே எனக்குப் பாதிக் குளிர் விட்டுப்போகும்.

ஒரு ஜனவரிக் காலை. சிறிய விமானத்தின் இறக்கைமேல் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. நான் முதல் முறையாகத் தனியே நெடுந்தூரம் பறக்கவேண்டிய நாள் அது.

"இஞ்சின் ஜில்லுனு கீது. ஆயிலு கெட்டியாயிருக்கும். ஹீட்டர் எடுத்தாறேன், அது வரிக்கும் சாவியத் தொடாத!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காத்திருக்கவில்லை. தாமதமானால் என் முறை போய்விடுமே என்ற பதற்றம்! எரிபொருளை இஞ்சினுக்குள் தள்ளும் கைப்பம்பை இரண்டு மூன்று முறை அழுத்தினால் போதும். நான் பத்து முறையாவது அழுத்தியிருப்பேன். சாவியைத் திருப்பினேன். முனகி நின்றது. மறுபடி திருப்பினேன்... முன்பக்கத்தில் குப்பென்று தீ!

சாவியை விடாமல் இஞ்சினைச் சுழலவிட்டால், அதுவே தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேர்வில் எழுதியவள்தான் நான். ஆனாலும் குதித்து ஓடினேன். முருகேசன் அண்ணன்தான் ஓடி வந்து தீயை அணைத்தார். அவருடைய வலது கை வெந்துபோனது.

விசாரணையில், "அவர்தான் ஸ்டார்ட் செய்யச் சொன்னார்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லல சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர்கள் என்னைத்தான் நம்பினார்கள்.

இன்று நானும் பயிற்றுநர். சென்ற குளிர்காலத்தில் ஒரு மாணவி, "ஹீட்டர் வரும்வரை நிற்கத்தான் வேண்டுமா மேடம்?" என்று கேட்டாள். எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? அன்றே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் எழுதி, பழைய பள்ளிக்கும் எனக்கு விமானி உரிமம் தந்த அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.

நகலோடு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அங்கே தொழிற்பேட்டையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்க்கிறார் முருகேசன் அண்ணன். மதிய இடைவேளையில், தொழிற்சாலை வாசலில் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"ஏழு வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என் ஊட்டுக்காரியே ஒரு தபா கேட்டுட்டா, நெஜமா நீ சொல்லலியான்னு."

"மன்னிச்சிடுங்கண்ணா..."

"அத்த இப்பக் கேக்காத. மொதல்ல இத அவகிட்ட காட்டணும்."

நேற்று அவரே தொலைபேசியில் அழைத்தார். பழைய பள்ளி அவர்மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். பெங்களூரில் விமானப் பராமரிப்பு வேலைக்கு நேர்காணல். "டிக்கெட் போட்டாச்சு" என்றபோது அவர் குரலில் அப்படி ஒரு துள்ளல்! அழைப்பு முடிந்த பிறகு வெகுநேரம் அழுதேன்... மகிழ்ச்சியில்தான்.

அடுத்த வாரம் எனக்கு விசாரணை. உரிமம் போகலாம். இந்த முறை உண்மையைச் சொல்வேன். ஆனால் அவர் இழந்த ஏழு ஆண்டுகள்? அவற்றை யாரிடம் போய்க் கேட்டு வாங்கித் தருவேன்...