மாடுகளை நம்பிய மத்தியானம்

காடு வெட்டிப் பயிர் செய்த எங்கள் சேனைக் காணியைப் பட்டாளம் சுட்டுப் பழகுவதற்கென்று எடுத்துக்கொண்டது. கச்சான் கடலை போட்ட இடத்தில் பெரிய மண்மேடு எழுப்பி, அதன் முன்னால் பலகைகளை நட்டார்கள். பலகையைத் துளைத்த குண்டுகள் மேட்டுக்குள் புதைந்தன. நாங்கள் அவற்றைக் கிண்டியெடுத்து, உருக்கி, ஈயத்தை மூதூர் வியாபாரிக்கு விற்றோம். வலையில் பாரமாகக் கட்டுவதற்கு மீனவர்கள் அவரிடம் வாங்குவார்கள். சொந்தக் காணிக்குள் திருடரைப்போல் புகுந்துதான் சோறு தின்றோம். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சுடும்போது சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். ஆனால் இறக்க மறந்து போய்விடுவார்கள். இரண்டு நாள் சும்மா பறக்கும். அதனால் ஊரில் எவரும் கொடியைக் கணக்கெடுப்பதில்லை. மாடுகளைத்தான் பார்ப்போம். முதல் வெடிக்கே அவை வாலைக் கிளப்பிக்கொண்டு ஓடும். வெடி ஓய்ந்து, திரும்பி வந்து மேட்டடியில் மேய்ந்தால், சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவோம்.

அன்று காலை முழுக்க வெடி. மத்தியானம் ஓய்ந்தது. என் கணவர் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"கொடி இன்னும் இறக்கேல்ல."

"அவங்கள் எப்ப ஒழுங்கா இறக்கினவங்கள்? மாடு மேயுது, பாருங்கோ. வியாபாரி பின்னேரம் வந்திடுவார். மற்ற ஆக்கள் கிண்டினா எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"ஓம், போறன்," என்றார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவர் பலகைகளுக்குப் பின்னால், மேட்டில் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தபோது வெடி மறுபடி தொடங்கியது. பற்றைக்கு அப்பால் சாப்பிடப் போன பட்டாளத்தார் திரும்பியிருக்கிறார்கள். அவர் சாக்கின்மேல் விழுந்தார். நான் கத்தினேன். மாடுகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அத்தனை வெடிக்குள்ளும் மேய்ந்துகொண்டே இருந்தன. எத்தனை நாளாக அப்படிப் பழகிவிட்டனவோ! காலையில் அவை ஓடினவா என்று நான் பார்க்கவேயில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த அடுத்த கிழமை நானும் சாக்கோடு போனேன். வேறு எங்கே போவது? கொடி இறங்கியிருந்தது. அவர் கிண்டிய குழியிலேதான் தொடங்கினேன். அவரைத் துளைத்துப் போன குண்டும் அந்த மேட்டில்தான் எங்கோ கிடந்தது. எதை எடுத்தேன், எதை உருக்கினேன் என்று எனக்குத் தெரியாது. அதையும் விற்றிருப்பேன்.

இன்றைக்கும் கரையில் வலையை இழுத்துப் போட்டால், அதில் தொங்கும் ஈயத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.