ஆபத்து என்று அச்சடித்த கவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வரட்டுமே! சில விஷயங்களுக்குக் கோபம் வராவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, துணி வாங்குகிறவர்கள் நேரில் வந்து கம்பெனியைச் சோதிக்கிற 'ஆடிட்' என்ற வார்த்தை எங்கள் வாயில் புழங்க ஆரம்பித்த வருடங்கள் அவை. திருப்பூர் – பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். ஜப்பானுக்குப் போகும் கைக்குழந்தைத் துணிகள் தைத்தோம். மெஷினில் ஊசி உடைந்தால் அந்த லைனே நின்றுவிடும். உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒட்டவைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். முனை மட்டும் கிடைக்கவில்லையென்றால் தொலைந்தோம். காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் தவழ்வோம். டெய்லரை எழுப்பி முந்தானையை உதறச் சொல்வோம். மேனேஜரே பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைவார். இதை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கேயோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்திவிடக் கூடாது என்கிற பயம் நியாயமான பயம்.

துணி வாங்கும் அந்த ஜப்பான் கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஒருவர் வருவார். வயதானவர், சத்தமே போடாதவர். ஒருமுறை எங்கள் கேண்டீனுக்குள் எட்டிப் பார்த்தார். மிச்சச் சோறு, பால் பாக்கெட், உடைந்த பாட்டில் எல்லாம் ஒரே டிரம்மில் கிடந்தன. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பெண்ணை வைத்துக்கொண்டு அவர் தன் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே அழுகுகிற குப்பைக்கு ஒரு கிழமையாம், பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமையாம், பாட்டிலுக்கு வேறொரு கிழமையாம். மாற்றி வைத்தால் எடுக்க மாட்டார்களாம், தெருவே பார்க்க அங்கேயே கிடக்குமாம். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அவர் விரிசல் விட்ட கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்தார். பழைய பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டி, அதன்மேல் சிவப்புப் பேனாவால் என்னவோ எழுதினார். 'ஆபத்து' என்று அர்த்தமாம்.

"எடுக்க வருகிறவர் கையைக் கிழித்துவிடக் கூடாது இல்லையா?" என்றார்.

எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியது எங்கள் மேனேஜர். மறுநாளே கேண்டீனில் மூன்று கலரில் டிரம் வந்துவிட்டது.

மேனேஜர் வீடு எங்கள் தெருவிலேதான். மாடி வீடு. அந்தத் தெருவில் குப்பை எடுக்கத் தள்ளுவண்டியோடு ஒரு அக்கா வருவார். காண்ட்ராக்ட்காரரின் தினக்கூலி ஆள். வீட்டுக்காரர் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. ஒரு நாள் வரவில்லையென்றால் வண்டி இன்னொருத்தி கைக்குப் போய்விடும். கையுறையெல்லாம் கிடையாது. நாங்கள் சாம்பார், சவரப் பிளேடு, குழந்தையின் மலத்துணி எல்லாவற்றையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வைப்போம். அவர் முடிச்சை அவிழ்த்து, பழைய இரும்பும் பாட்டிலும் கிடைத்தால் தனியாக எடுத்துவைப்பார்.

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலதுகைக் கட்டைவிரலின் அடியில் சதை பிளந்து, சேலையெல்லாம் ரத்தம். ஊசிப்போன சோற்றுக்குள் யாரோ உடைந்த டியூப்லைட்டைப் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. தண்ணீர் ஊற்றக்கூட ஒரு கை நீளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் துப்பட்டாவையே கிழித்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தையல் போட்ட டாக்டர், உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, உடனே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அக்கா அங்கேயே மறுத்துவிட்டார்.

"கோயமுத்தூரு போயி நான் படுத்துக்கிட்டா வண்டிய ஆரு சாமி தள்ளுவாங்க? வேற ஆளப் போட்டுருவாங்க."

"கை போயிருமக்கா."

"கை போனா ஒரு கைதான் சாமி. வேலை போனா?"

திரும்பி வந்ததும் டியூப்லைட்டைக் கட்டி வைத்திருந்த அந்தக் கவரைப் பார்த்தேன். எங்கள் கம்பெனி கவர்! குழந்தைத் துணி மடித்துப் போடுகிற கனமான பாலிதீன். அதில் சிவப்பில் ஜப்பான் எழுத்து. 'குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள், ஆபத்து' என்று அதற்கு அர்த்தம் என்பது பேக்கிங் செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் அந்தக் கம்பெனிக்குப் போகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று நான். நான் அந்தக் கவரைக் கண்ணால் பார்க்கலாம், கேட்டைத் தாண்டிக் கொண்டுவர முடியாது.

கவரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மேனேஜர் சம்சாரம்தான் கதவைத் திறந்தது. கவரைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"குப்பைல கைய உடறவங்க பாத்து உட வேண்டாமுங்களா?" என்றது அந்த அம்மணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் பின்னாலேயே துண்டோடு வந்தார். "எங்கூட்டுக் கவர்தான்னு எப்படிங்க சொல்றீங்க? கம்பெனில எத்தன பேரு இருக்கறாங்க!"

"எங்க டிபன் பாக்ஸையே தொறந்து பாத்துட்டுத்தானுங்க சார் வெளியே உடறீங்க. இந்தக் கவர் மட்டும் தானா நடந்து வந்துச்சுங்களா?"

அவர் முகம் கறுத்தது. ஆனால் எங்கள் ஊர்க்காரர், மரியாதை விடவில்லை. "செரிங்க, காண்ட்ராக்ட்காரர்கிட்டப் பேசறேனுங்க. நீங்க போங்க" என்றார். என்ன பேசினாரோ, யாரிடம் பேசினாரோ!

அக்கா மறுநாளே கட்டுப்போட்ட கையோடு வண்டி தள்ளினார். அந்தக் கட்டு குப்பைத் தண்ணீரில் நனைந்தது, காய்ந்தது, மறுபடியும் நனைந்தது. கை வீங்கிச் சீழ் வைத்தது. ஒருவழியாக ஆறியபோது கட்டைவிரல் மடங்கவில்லை. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியாத ஆள் எதற்கு என்று காண்ட்ராக்ட்காரர் நிறுத்திவிட்டார். எந்த வேலைக்குப் பயந்து கோயமுத்தூர் போகவில்லையோ, அந்த வேலையும் போயிற்று. எங்கள் தெரு அதையும் சும்மா நின்று பார்த்தது. புதிதாக வந்த பெண்ணிடம், "முன்னால வந்த அம்மா நல்லா சுத்தமா எடுப்பாங்க" என்று குறை வேறு சொன்னார்கள். தூ!

நான் விடவில்லை. மேனேஜரின் ரூமுக்குப் போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். கடைசியில் அக்காவுக்குக் கம்பெனியிலேயே கூட்டிப் பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்தார். அதற்கும் அவருக்குத்தான் பேர். "சாருக்கு என்ன மனசு பாருங்க, கை ஆகாத பொம்பளைக்கு வேலை குடுத்திருக்கறார்" என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அக்காவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், மகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை அந்த ஜப்பான்காரர் வந்தார். அன்று காலையில் அக்காவுக்கு நீலக் கோட்டு, ரப்பர் கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, கேண்டீன் டிரம்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஜப்பான்காரர் ஒவ்வொரு டிரம்மாகத் திறந்து பார்த்தார். தனித்தனியாக, சுத்தமாக இருந்தது. சந்தோஷமாகி, அக்கா முன்னால் குனிந்து வணக்கம் சொன்னார். அக்கா பதறிப்போய்க் கும்பிட்டார். கும்பிட்ட கையில் ஒரு விரல் மட்டும் சேராமல் விறைத்து நின்றது. அதை அவர் கவனித்துவிட்டார்.

"விரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர் பெண்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "அது பொறவியிலயே அப்படிங்க."

பொறவியா! நான் ஓரடி முன்னால் வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, டியூப்லைட், கவர், சிவப்பு எழுத்து எல்லாம். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, நான் வாயைத் திறப்பதற்குள், சத்தமாகச் சொன்னார்.

"ஆமாங்க சாமி, பொறக்கும்போதே இப்படித்தானுங்க."

ஜப்பான்காரர் வருத்தத்தோடு தலையசைத்தார். இப்படிப்பட்டவருக்கும் வேலை கொடுத்திருக்கிறீர்களே என்று மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் அடுத்த செக்‌ஷனுக்குப் போனார்கள்.

"ஏனக்கா அப்படிச் சொன்னே?" என்று அக்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ நாயத்தப் பேசீருவே சாமி. நாளைக்கு என்னை உள்ள உடோணுமல்ல?"

அதற்குள் ஸ்டோரிலிருந்து ஆள் வந்து நின்றான். கையுறையைத் திருப்பி வாங்கிவரச் சொன்னார்களாம். அக்கா வலது கையிலிருந்ததை உருவிக் கொடுத்தார். இடது கையிலிருந்ததைக் கழற்ற வலது கட்டைவிரல் பிடி கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் நான்தான் கழற்றிக் கொடுத்தேன்.