கங்காணி அண்ணாச்சி மூடி வைத்த சரக்கு

எங்கள் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். கழற்ற வேண்டாம் என்று காவலாளி சொல்லியும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஏசி அறைக்குள் வெறுங்காலோடு வந்தவர், எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நின்றார். நாற்பது வருஷம் உப்பளத்தில் கிடந்த கால்கள். பாதத்தின் ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை படிந்திருந்தது. என் மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னேன். "எம்மா, பங்கு வாங்கணும்னா இங்கனதான வரணும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆதார் அட்டை, பான் அட்டை, வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ எல்லாவற்றையும் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்தார்.

இப்போது நான் அந்த அலுவலகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தூத்துக்குடியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பங்குச் சந்தையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் நடத்துகிறேன். பங்கு என்றால் ஒரு கம்பெனியில் நமக்கு இருக்கும் சிறு உரிமை. டீமேட் கணக்கு என்றால் அந்த உரிமையை வைத்துப் பூட்டுகிற பெட்டி. ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். என்ன செய்கிற கம்பெனி என்று தெரியாமல் வாங்காதீர்கள். இதையே வாராவாரம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முடிக்கும்போது பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து, "மேடம், மாசம் எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்பார். இரண்டு மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விடும். அப்போதெல்லாம் எனக்கு வெறுங்காலோடு வந்த அந்த அண்ணாச்சியின் நினைவு வரும். அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

அவர் கேட்டது வேறு. உப்பளத்தில் வேலைக்காரர்களை மேய்க்கிற கங்காணி என்பதால், ஊரில் எல்லாருக்கும் அவர் கங்காணி அண்ணாச்சி. தண்ணீர் இறைக்கிற பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதில் பங்கு வேண்டும் என்றார். ஏன் அது என்று கேட்டேன். தங்கள் அளத்தில் பதினைந்து வருஷமாக அந்தப் பம்புதான் ஓடுகிறது, இரண்டு தடவைதான் மெக்கானிக் வந்தான் என்றார். பிறகு அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிக்குக் கடன் உண்டா, முதலாளி சொந்தப் பங்கை விற்றுக்கொண்டிருக்கிறாரா, விவசாயம் படுத்துவிட்டால் பம்பு யார் வாங்குவார்கள்? எம்.காம் முடித்துத் தேர்வெல்லாம் எழுதி வந்த எனக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் தேடித் தேடிச் சொன்னேன். திருப்தியான பிறகுதான் வாங்கினார், அதுவும் கொஞ்சம்.

அவர் வாங்கிய இரண்டாவது வாரமே விலை சரிய ஆரம்பித்தது. மற்றவர்கள் என்றால் நாளுக்கு நாலு தடவை போன் செய்து என் உயிரை எடுப்பார்கள். இவர் பத்து நாள் கழித்து வந்து, திரையில் சிவப்பாக ஓடும் எண்ணைப் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும்ளா, மூடிப் போட்டுரு" என்றார். எனக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். கோடையில் எல்லா அளத்திலும் உப்பு விளைந்து குவியும்போது விலை படுத்துவிடும். கைமுடை உள்ளவன் வந்த விலைக்கு விற்றுவிடுவான். முடிந்தவன் மேட்டில் அம்பாரமாகக் குவித்து, பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, கயிறு கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், புது உப்பு வராது, விலை தானாக ஏறும். அப்போது ஓலையைப் பிரித்தால் போதும். "மேல ரெண்டு கூடை கரையும். அடியில கெடக்குத உப்பு எங்க போவும்? அது கெட்டா போயிரும்?" என்றார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பங்கு அப்படியே மூடிக் கிடந்தது. பிறகு நன்றாகவே ஏறியது. பாதியை விற்று, எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்து கொடுத்தார். அன்றைக்கு அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். இந்த ஊரில் ஒருவராவது சந்தையைப் புரிந்துகொண்டார் என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் அவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் அளத்து முதலாளி நிலத்தை விற்றுவிட்டார். அண்ணாச்சிக்குக் கணக்கு முடித்துக் கொஞ்சம் பெரிய தொகையாகவே கொடுத்தார்கள். ஆனால் அளத்தையொட்டி அவரும் மனைவியும் மகளும் குடியிருந்த வீடு முதலாளியுடையது. தை மாதம் வரை இருந்துகொள்ளலாம், அதற்குமேல் காலி செய்ய வேண்டும். முத்தையாபுரத்தில் மூன்று சென்ட் மனையோடு ஓட்டு வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தார். வந்த தொகையையும் மிச்சப் பங்கை விற்ற பணத்தையும் சேர்த்தாலும் விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறியது. "வாழ்நாளு பூரா அடுத்தவன் செவத்துலதான் ஆணி அடிச்சிருக்கேன். சொந்தச் செவத்துல ஒரு ஆணி அடிச்சுப் பாக்கணும்ளா" என்று சொன்னார். பணத்தை வைத்துக்கொண்டு ஐப்பசியில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தைக்குள் அது ஒன்றரை மடங்காக வேண்டும். பங்கு அவ்வளவு வேகமாக ஏறாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்து மேசையிலிருந்து எங்கள் மேலாளர் எழுந்து வந்துவிட்டார்.

மேலாளர் சொன்னது ஆப்ஷன். வகுப்பில் நான் இதை இப்படிச் சொல்கிறேன்: ஒரு பங்கை இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற உரிமையை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம். பங்கின் விலை நாம் நினைத்த அளவுக்கு மேலே போனால், சிறிய காசுக்குப் பெரிய லாபம். போகாவிட்டால் அந்தத் தேதியோடு உரிமையும் செத்துப்போகும், கொடுத்த காசில் ஒரு ரூபாயும் திரும்பாது. மேலாளர் முதல் பாதியை மட்டும் சொன்னார். அதுவும் அண்ணாச்சிக்குத் தெரிந்த அதே பம்பு கம்பெனியை வைத்தே சொன்னார். ஒரு பங்கு வாங்குகிற காசில் நாற்பது பங்கின் ஏற்றம் கிடைக்கும் என்றார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் எனக்கு இலக்கு முடியவில்லை. முடித்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். புள்ளி வைத்த இடத்திலெல்லாம் அவர் நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே, வீட்டுக்கான பணம் முழுவதையும் போட்டு அவர் வாங்கிய ஆப்ஷனின் விலை பாதியாகிவிட்டது. திரையைப் பார்த்தார். பழைய சிரிப்பு மாறவே இல்லை. "மூடிப் போட்டுரு" என்றார். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர் இதையும் அம்பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மூன்றரை மணியோடு இது முடிந்துபோகும் என்று இவருக்குத் தெரியாது. "அண்ணாச்சி, இதுக்கு எக்ஸ்பைரி உண்டு" என்று முணுமுணுத்தேன். சொன்னதாகவும் இருக்க வேண்டும், அவருக்கு விளங்கவும் கூடாது என்பதுபோல ஒரு குரல். "உண்டும்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். விளக்கிச் சொல்லிவிடவா என்று மேலாளரிடம் கேட்டேன். "கேட்டா சொல்லு. கேக்காத ஆளுகிட்ட நீயா போயி ஏன் பயங்காட்டுத? ஏறுனாலும் ஏறும்" என்றார். ஏறினாலும் ஏறும் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. கடைசித் திங்கட்கிழமைகூடப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது; விற்றிருந்தால் அதாவது கைக்கு வந்திருக்கும். அன்று போனைக் கையில் எடுத்து அவருடைய எண்ணைத் தேடினேன், பிறகு டீ குடிக்கப் போய்விட்டேன். இதில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் என்னிடம் இல்லை.

அந்த வாரம் பேய்மழை. அளத்தை வாங்கிய புது முதலாளியின் உப்பு நனையாமல் இருக்க அண்ணாச்சி இரவு பகலாகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாராம். எங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அடுத்த திங்கட்கிழமை மழை விட்டதும் வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. முகம் மலர்ந்திருந்தது. "மழ விழுந்துட்டுல்லா, இனி ஏறும்" என்றபடி உட்கார்ந்தார். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் கணக்கில் எதுவும் இல்லை. திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"சரக்கு எங்க?"

"இல்ல அண்ணாச்சி. வியாழக்கிழமையோட முடிஞ்சிட்டு."

"முடிஞ்சிட்டுன்னா? யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல அண்ணாச்சி."

"மூடித்தானளா வச்சிருந்தோம்?"

அந்த 'வச்சிருந்தோம்' என்ற சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதி குடித்தார். எழுந்துபோய், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். காவலாளி வந்து திறந்துவிட்டார்.

முத்தையாபுரத்து வீடு வேறு யாருக்கோ பதிவாகிவிட்டது. தையில் அவர்கள் அங்கேயே ஒரு சந்துக்குள் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அறுபது தாண்டியும் அவர் வேறொரு அளத்துக்கு வேலைக்குப் போகிறார் என்பதும் காதில் விழுந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. ஊக்கத்தொகையும் வந்தது, வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனசாட்சி உறுத்தி மறுநாளே ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் செய்யவில்லை. உடம்பும் மனதும் ஓய்ந்துபோய்த்தான் விட்டேன். ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இந்த வகுப்பை ஆரம்பித்தேன். அதைக் கேட்கத்தான் யாரும் வருவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். ஆப்ஷன் என்றால் என்ன என்று சுற்றிவளைத்து விளக்கி, யார் முகத்திலும் தெளிவு வராமல், கடைசியில் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப சுலபம். பங்கு உப்பு மாதிரி. விலை இல்லைன்னா மூடி வைக்கலாம், காத்திருக்கும். ஆப்ஷன் மீன் மாதிரி. கரைக்கு வந்த மீனை யாராவது ஓலை போட்டு மூடி வைப்பாங்களா? ஐஸ் கரையறதுக்குள்ள வந்த விலைக்குத் தள்ளிவிட்டுரணும்." எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் 'உப்பு', 'மீன்' என்று எழுதி அடியில் கோடு போட்டாள். அவளுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டையோடு ஒருவர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் படியிறங்கும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவருடைய மகள். வேலைக்குப் போகிறாள், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட வேண்டுமாம். துணைக்குத்தான் வந்தேன் என்றார். எப்படி இருக்கிய என்று கேட்டேன். இருக்கேன் என்றார். மகள் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உப்பு, மீனுன்னு சொன்ன பாத்தியா, பளிச்சுன்னு வெளங்கிட்டும்மா" என்றார். பிறகு, "இது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கண்ணில் கோபம் இல்லை. இல்லை என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்ன வாய்தான்.

"தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். மகள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"இத்தன வருசமா வீட்டுல எம்பொண்டாட்டி ஒன்ன வைவா. 'அந்தப் புள்ளைக்கே தெரியாது, பாவம், அத ஏன் வையுத'ன்னு நான்தான் அவள அடக்கிக்கிட்டு இருந்தேன்" என்றார்.