வூட்ல தனியா இருக்குங்க

தனிமையைப் பற்றி நான் நன்றாகப் பேசுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், பழைய பாடல்களில் பிரிந்திருப்பவளின் மாலைப்பொழுது பாடமாக வரும் நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்பார்கள். கதவைப் பாதி சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துவேன். உப்பங்கழி, தாழம்பூ, கூடு திரும்பாத ஒரு நாரை. அவன் போன பாதை. அவள் வளை கழன்ற கை. மணி அடித்த பிறகும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் இலக்கிய மன்றங்கள் என்னை விடவில்லை. போன இடமெல்லாம் அதே தலைப்புதான் கேட்டார்கள்.

வீடு ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், சேரப்பணஞ்சேரியில். மகள் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். வீட்டில் நானும் என் மனைவியும்தான். அந்தி சாய்ந்ததும் நான் மாடிக்குப் போய்விடுவேன். ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் போல ஒன்று எழும்பும். அதற்குப் பின்னால் தொழிற்சாலை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கரைந்து மஞ்சளாகும். தொழிற்சாலைகளின் ஓயாத இரைச்சல் சற்று நேரத்தில் அலையோசையாகிவிடும். கம்பெனி பஸ்கள் விளக்கெரிய வரிசையாகப் போவது தோணிகள் போவது போலிருக்கும். ஒரு கடற்கரையே எனக்கென்று வந்து நிற்கிற மாதிரி, அந்த மயக்கத்தில் நெடுநேரம் நிற்பேன். கீழே என் மனைவி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படியில் என் காலடி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் பகலில் பூட்டுகள்தான் இருந்தன. பழைய குடும்பங்கள் மனையை விற்றுவிட்டுப் போயிருந்தன, அல்லது வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தன. குடியிருந்த பையன்கள் ஷிப்டுக்குப் போனால் ஷிப்டு, வந்தால் தூக்கம். அவளுக்குப் பேச ஆள் இல்லை. எனக்கு அது தெரியாமலில்லை. தெரிந்த விஷயங்களில் ஒன்றாக அது எங்கேயோ கிடந்தது.

அன்று காஞ்சிபுரத்தில் கூட்டம். கிளம்பும்போது வாசலில் வந்து சொன்னாள்: "கொழம்பு மசாலா அரைக்கணும். தனியா, மொளகால்லாம் இன்னா கீதுன்னு பாத்துட்டு போன் பண்றேன். வரச்சொல்ல வாங்கியாங்க."

மண்டபத்தின் பக்கத்து அறையில் போண்டா கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அப்போது போன் வந்தது.

"இன்னாங்க, பேசலாமா?"

"சீக்கிரம் சொல்லு. மேடைக்குக் கூப்புடப் போறாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு, "வூட்ல தனியா இருக்குங்க" என்றாள்.

"இருக்கா? நல்லதாப் போச்சு. அப்ப வாங்க வேணாம். மொளகா?"

கையிலிருந்த போண்டாவைக் கடித்தேன்.

"மொளகாவும் கீது."

"சரி, வை."

அன்று நான் மிக நன்றாகப் பேசினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் என் மனைவி வேலைக்குப் போனாள். ஒரகடம் போகிற வழியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தைக் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலாக மாற்றியிருந்தார்கள். சமையலைப் பார்த்துக்கொள்ள வயதான பெண்மணி ஒருவர் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு நாள் பாத்துட்டு வரேன்" என்று ஒரு பையோடு கிளம்பினாள். முதலில் தினமும் சாயங்காலம் திரும்பி வந்தாள். பிறகு அங்கேயே தங்க ஆரம்பித்தாள்.

"புரபசர் பொண்டாட்டி ஆஸ்டல்ல ஆக்கிப் போடுறான்னு ஊரு சிரிக்கும்" என்று போனில் கத்தினேன்.

"ஊரு எங்கங்க கீது சிரிக்க? எல்லாம் ஷிப்டுக்குப் போயிக்குது" என்றாள்.

தனியாக இருந்தால் பாடல்கள் துணைக்கு வரும் என்று நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். வரவில்லை. மாடிக்குப் போனால் இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது. கண்ணயர்ந்தால் யாரோ அடுக்களையில் பாத்திரம் நகர்த்துகிற ஓசை. எழுந்து போய்ப் பார்த்தால் சிங்க்கில் நான் போட்ட டம்ளர் மட்டும் இருக்கும். அவள் இனி வரவே மாட்டாளோ என்கிற பயம் அந்த நாட்களில்தான் எனக்கு வந்தது. கோபம் இருந்தவரை அது தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவளைக் கூட்டிவரப் புறப்பட்டேன். பஸ் ஜன்னலுக்கு வெளியே கம்பெனியிலிருந்து இன்னும் விற்பனைக்குப் போகாத புது லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன, நீர் தேடிக் களைத்துப்போன யானைகள் மாதிரி. எந்தக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று இப்படி உவமை தேடுகிறேன் என எனக்கே வெட்கமாக இருந்தது.

மண்டப வாசலில் நல்வரவு வளைவு அப்படியே இருந்தது. மணமேடையில் துணி காய்ந்தது. பந்தி நடக்கும் கூடத்தில் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி பெரிய வாணலியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "ஒக்காருங்க, கையில வேலையா கீறேன்" என்றாள், வங்கியில் சொல்வது போல.

"ஆச்சி, தாத்தா வந்திருக்காவ! கூட்டிட்டுப் போவவா?" என்றாள் ஒருத்தி. திருநெல்வேலிப் பேச்சு. "நாங்க விடமாட்டோம் தாத்தா, சொல்லிட்டோம்."

"நீ வாய மூடிக்கினு வெங்காயத்த உரி" என்றாள் என் மனைவி. "இது பெரிய கேடி. மொத நாளு இன்னா பண்ணா தெரியுமா? தனியா வறுத்து வைடின்னு சொல்லிட்டு கடைக்குப் போறேன்..."

"நான் என்ன செய்ய ஆச்சி? எத தனியா வறுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லியே!"

"வந்து பாத்தா மொளகா தனியா, பருப்பு தனியா, மொளகு தனியா, ஆறு தட்டுல பிரிச்சு வறுத்து வெச்சிக்கிறா. தனியாவ மட்டும் காணோம்!"

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு மல்லி. தனியான்னா ஆள் இல்லாம இருக்கறதுதான். இனி மல்லின்னே சொல்லுங்க, பெரிய குழப்பமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் என் சிரிப்பு நின்றது. காஞ்சிபுரத்து அறையும், கையிலிருந்த போண்டாவும், போனில் அந்த இடைவெளியும் ஒன்றாக வந்தன.

பழைய பாடல்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு இருக்கும். இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று. பிரிவுப் பாடல்களில் பெரும்பாலும் தலைவி தோழிக்குச் சொன்னதாக இருக்கும். யார் சொன்னார் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். கேட்டவள் யார் என்பதைத் தேர்வுக்கு உதவுமென்று எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பாடல்களில் தனிமை என்று நான் கொண்டாடியது ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டதால் உண்டானது. என் வீட்டில் அவள் சொன்னாள், சொற்பிழையே இல்லாமல். கேட்கவேண்டியவன் நான். கேட்டு, மிளகாயைப் பற்றி விசாரித்தேன்.

பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் கேட்டேன்: "அன்னிக்கி போன்ல சொன்னியே. எந்தத் தனியா அது?"

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. "நான் அன்னிக்கி அந்தத் தனியா டப்பாவத் தொறந்துகூட பாக்கல" என்றாள்.

வறுத்த வாசனை கூடம் முழுக்க நின்றது. மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு நல்ல தமிழில் பல சொற்கள் தெரியும். ஒன்றையும் எடுக்க முடியவில்லை. "வூட்டுக்கு வரியா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னிக்கி வர முடியாது. செகண்ட் ஷிப்டு பொண்ணுங்களுக்கு சோறு வெக்கணும்."

"நாளைக்கி?"

"பாக்கலாம்."

எழுந்திருக்கவில்லை நான். "அன்னிக்கி இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

அடுப்பை அணைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆவல" என்றாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். "கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சா, அந்தக் கம்பெனி சத்தம் வூட்டுக்குள்ள வந்துடுச்சு. கதவச் சாத்தினாலும் கேக்குது. ரோட்டுக்குப் போய் நின்னேன். பஸ்ஸு போவுது, பஸ்ஸு பூரா பொண்ணுங்க, எல்லாம் கண்ணாடில தல சாச்சு தூங்குதுங்க. ஒண்ணு மட்டும் முழிச்சிக்கினு இருந்துச்சு. என்னப் பாத்து கைய ஆட்டுச்சு. யாருன்னே தெரியல..."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா, கேக்குறீங்களா? சொல்றவளுக்கு ஒரு 'உம்' கூட கொட்ட மாட்டீங்களா?"

"உம்" என்றேன்.

"நானும் கைய ஆட்டினேன்" என்றாள்.

"உம்."