கடைமடைக்குத் தண்ணீர் வராதிருப்பதாக

கடவுளிடம் நான் ஓர் அடையாளம் கேட்டேன். அது நடக்காது என்பதை நாலு பேரிடம் நன்றாக விசாரித்துக்கொண்ட பிறகுதான் கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவன், பாதி ஆயுளை மிஷனரியாகக் கழித்தவன், வேதாகமத்தை இரண்டு மொழியில் படித்தவன் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். இந்தத் தகுதிகள் இல்லாத ஒருவனுக்கு இப்படி ஒரு யோசனை வந்தே இருக்காது.

நாங்கள் அப்போது ஊழியத்தை விட்டு வந்திருந்தோம். வடக்கே மலை ஊர்களில், இரண்டு மூன்று வருடத்துக்கு ஓர் ஊராக மாறி, என் மனைவி பள்ளிக்கூடம் நடத்தினாள். நான் மொழிபெயர்த்தேன், பிரசங்கித்தேன். எங்கள் மிஷனின் தலைவருக்கு வயதானது. அவருடைய மருமகனே அடுத்த தலைவர் என்று தமக்குத் தரிசனம் கிடைத்ததாக ஒரு கூட்டத்தில் அறிவித்தார். அந்தத் தரிசனம் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று எழுந்து சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மனைவியின் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தோம்.

கல்லணையில் பிரிகிற தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் பாய்ந்து களைத்து, கடலுக்குப் போகும் வழியில் மனமிருந்தால் எட்டிப் பார்க்கிற ஊர் அது. கடைமடை. மச்சானுடைய அப்பா அங்கே அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். மச்சான் அதே வயல்களில் கொஞ்சத்தை வாங்கி, கொஞ்சத்தைக் குத்தகைக்கு எடுத்து, தங்கையைப் படிக்கவும் வைத்தவர். நிலத்தடித் தண்ணீர் உப்பு. அந்த வருடம் கோடை மழையை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். மழை நின்றுவிட்டது. குளமும் தரை தட்டிவிட்டது. வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் நாற்று பிழைக்கும் என்ற நிலை.

எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வேறொரு மிஷன் எங்களை மறுபடி வடக்கே, இன்னும் உயரமான மலைக்கு அழைத்தது. தஞ்சாவூரில் ஒரு பள்ளி என் மனைவிக்கு ஆசிரியை வேலையும், மகளுக்குப் பிளஸ் ஒன்னில் இடமும் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டது. மகள் பிறந்ததிலிருந்து எந்தப் பள்ளியிலும் நிலைத்துப் படித்ததில்லை. அவளுடைய புத்தகப் பெட்டி கயிறு அவிழ்க்காமல் மாடி மூலையில் கிடந்தது. தினமும் சாயங்காலம் கேட்பாள்.

“அப்பா, பெட்டியைப் பிரிக்கலாமா?”

“ஜெபத்துல இருக்கும்மா” என்பேன். அரசு அலுவலகத்தில் ஃபைல் மேலே போயிருக்கு என்பார்களே, அதற்கு எங்கள் வட்டாரத்தில் இதுதான் சொல்.

உண்மை என்னவென்றால் எனக்குப் போக விருப்பமில்லை. முழங்கால் வலித்தது. மனசும் வலித்தது. ஆனால் ‘போ, போ’ என்று ஊரையெல்லாம் கிளப்பிவிட்ட வாய், ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல மறுத்தது. வேதாகமத்தில் கிதியோன் என்று ஒருவன் வருவான். கடவுள் அழைப்பதை உறுதி செய்துகொள்ள ஆட்டுத்தோல் ஒன்றை இரவில் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனையட்டும், தரை காய்ந்திருக்கட்டும் என்று அடையாளம் கேட்பான். என்னிடம் தோல் இல்லை. வாய்க்கால் இருந்தது. ஆற்று மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன். மச்சானிடமும் கேட்டேன். மாதக் கடைசிக்கு முன்னால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதன் பிறகு மாடிக்குப் போய் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வடக்கே போகிறேன். வராவிட்டால் தஞ்சாவூர்” என்று பொருத்தனை செய்தேன். பழி கடவுள் மேல். பலன் எனக்கு.

அந்த வருடம் பார்த்து கர்நாடகத்தில் மழை கொட்டியது. மேட்டூரில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். கல்லணை தாண்டியது, அங்கே தாண்டியது, இங்கே தாண்டியது என்று மச்சானுடைய போன் நாள் முழுக்க அலறியது. ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் முகம் மலர்ந்தது. நான் ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். விடிந்ததும் லஸ்கரிடம் போய் நிற்பேன். “விவசாயத்துல உங்களுக்கு எம்புட்டு அக்கறை பாஸ்டர்!” என்று அவர் உருகுவார். வருகிற வழியில் நாற்றங்கால். நுனி சிவந்து சுருண்டுகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் வருவதற்காகச் சுற்றுப்பாதையில் வர ஆரம்பித்தேன்.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். மச்சான் எல்லார் முன்னிலையிலும் என் பக்கம் திரும்பினார்.

“தண்ணிக்கு மாப்ள ஜெபம் பண்ணட்டும். ஊழியக்காரர் வீட்ல இருக்கறப்ப நாம எதுக்கு?”

கண்களை இறுக மூடிக்கொண்டேன். “ஆண்டவரே, உமது சித்தத்தின்படி, உமது ஏற்ற வேளையிலே, எங்கள் அவசரத்தின்படி அல்ல...” என்று நீட்டினேன். வக்கீல் எழுதின பத்திரம் போல ஒரு ஓட்டை இல்லாத ஜெபம். மச்சான் ஓங்கி ‘ஆமென்’ போட்டார். கண்ணைத் திறந்தபோது என் மனைவி ஏற்கெனவே திறந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் லஸ்கர் கூப்பிட்டார். தண்ணீர் எங்கள் வாய்க்காலின் மேல்கோடிப் பாலத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பாலத்தின் வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. உடனே எடுக்காவிட்டால் தண்ணீர் கரையை உடைத்து வடிகாலில் விழுந்து கடலுக்குப் போய்விடும். இருக்கிற ஆம்பளைகள் எல்லாம் வரவேண்டும்.

மச்சான் மோட்டார் சைக்கிளில் பறந்தார். நான் நடந்தேன். கூடிய மட்டும் மெதுவாக. மனைவி பின்னால் வந்து பிடித்துவிட்டாள்.

“புதன்கிழமை என்ன ஜெபம் அது? எங்கண்ணன் தண்ணி கேட்டா நீங்க வேளை கேக்கறீங்க?”

சொல்லிவிட்டேன். முழுவதையும். கரையில் அப்படியே நின்றுவிட்டாள்.

“வராதுன்னு தெரிஞ்சுகிட்டு வந்தா போறேன்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

“போக வேணாம்னு வாயைத் திறந்து சொல்ல முடியல?”

“எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு சொல்றது?”

“கிதியோன் ஆட்டுத்தோலைத்தான் போட்டான். நீங்க எங்கண்ணன் வயலைப் போட்டிருக்கீங்க.” வாய்க்காலைப் பார்த்தாள். “போய் இழுங்க. இழுத்துட்டு வாங்க, பேசிக்கலாம்” என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. நான் நடையை எட்டிப் போட்டேன்.

பாலத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில் ஊரே நின்றது. என் கையில் நீளக் கழியில் கட்டிய கொக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். பாலத்துக்கடியில் தண்ணீர் நுழையும் கண்களில், நான் நின்ற கண்ணின் வாயிலேயே அடைப்பின் நடுக்கட்டி மாட்டியிருந்தது. கொக்கியை அதில் போட்டேன். ஒரு பக்கம் வடக்கும் மலையும். இன்னொரு பக்கம் சிவந்த நாற்று. கரையில் கைகட்டி நிற்கும் மனைவி. கழி என் கையில் நின்றுவிட்டது.

“மாப்ள!” என்று மச்சான் கத்தினார். “பிடிச்சு இழுங்க! என்னமோ கன்னுக்குட்டியத் தடவிக் குடுக்கற மாதிரி!”

எல்லோரும் சிரித்தார்கள். இழுத்தேன். வாழ்க்கையில் அப்படி எதையும் இழுத்ததில்லை. கட்டி பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்குள் பாய்ந்தது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துக் கரையேற்றினார்கள்.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், காய்ந்து வெடித்த வாய்க்காலில் குப்பையை உருட்டிக்கொண்டு தண்ணீரின் முதல் நுனி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சரியாக முன்னால், கையில் செல்போனை வைத்துப் படமெடுத்தபடி, முகம் என் பக்கம் இருக்க, சிரித்துக்கொண்டே பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள் அவள்.

என் வேதாகம அறிவு வேண்டாத நேரத்தில்தான் வேலை செய்யும். யெப்தா என்று இன்னொருவன் உண்டு. யுத்தத்தில் ஜெயித்தால், வீட்டிலிருந்து எனக்கு எதிரே முதலில் வருவதைப் பலியாகக் கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணினவன். முதலில் வந்தது அவன் மகள். சொன்னபடியே கொடுத்தான். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைக் கேட்டபோது, இந்த ஆளுக்கு மூளை இல்லையா என்று ஆசிரியையிடம் கேட்டு உதை வாங்கியிருக்கிறேன்.

மனைவியிடம் கை நீட்டி அவள் போனை வாங்கினேன். என் போன் என் சட்டைப் பையில் நனைந்து செத்திருந்தது. எங்களை வடக்கே கூப்பிட்டிருந்த மிஷனின் செயலாளரை அழைத்தேன்.

“பிரதர், நாங்க வரலை.”

“ஆண்டவர் தெளிவா நடத்தினாரா பிரதர்?”

‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு மேல் கேள்வி கிடையாது. சேறு காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. மனைவி நான் சொல்லப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்லை பிரதர். நான் களைச்சிட்டேன். என் மகள் ஒரே இடத்துல இருந்து படிக்கணும். ஆண்டவர் மேல போட வேணாம். இது நான் சொல்றது.”

“ஜெபத்துல வெச்சுக்கறோம்” என்றார். நியாயமான பதில்.

மனைவி போனை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். என்னைத் துடைக்கவில்லை. “திங்கக்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்கு நேர்ல போய்ச் சொல்லிடறேன்” என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் மகள் மாமாவின் அரிவாளை எடுத்துப்போய்ப் பெட்டியின் கயிற்றை அறுத்தாள். கீழே சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். வாரம் முழுக்க அவர் நாற்று சாக வேண்டும் என்று அவர் சோற்றைத் தின்றுகொண்டே நான் மன்றாடியதை. மச்சான் தலை நிமிரவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் நின்றார்.

“ஐப்பசியில குறுவை அறுப்பு வரும், மாப்ள. அப்ப மழை நல்லா கொட்டணும்னு ஜெபம் பண்ணுங்க. நெல்லு நனையாம வீடு வந்து சேந்துரும்.”