உங்க வசதிக்குத்தான் வச்சேன்

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் புகழ வரவில்லை. அவளுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அண்ணி ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். எங்கள் தெருவில் பாதிப்பேர் அவளிடம் கை நீட்டியவர்கள். அதனால் ஊசியக்கா என்று பேர். ஊசி போட்டால் குத்தினதே தெரியாது என்பார்கள். வாயைத் திறந்தால்தான் குத்தும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். மாடியில் நான், கீழே அவர்கள் என்று ஆன பிறகுதான் ராசியானோம்.

அண்ணன் வீடுகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவன். பாதி ஆயுசு ஏணிமேலேயே போனது. ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வலது கையும் காலும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வாயும் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வந்தான், இடது கையில் ஒரு தடியோடு. பிசியோதெரபி கொடுக்கிற பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "தினமும் நடக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் கால் இப்படியேதான் நின்னுடும்."

எங்கே நடப்பது? வீட்டுக்குள் நாலடி வைத்தால் சுவர். தெருவில் பைக்குகள் உரசிக்கொண்டு போகும். தெரு முடிகிற இடத்தில் இருக்கிற ஏரிக்கரைதான் ஒரே சமதளம். அங்கே போன முதல் வாரமே வலது காலில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு குப்புற விழுந்தான். அண்ணி அவனைத் தூக்கி நிறுத்தினாள், முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோணிப்பையும் ரப்பர் கையுறையுமாகக் கரையில் இறங்கிவிட்டாள். சமூகம், சேவை என்ற பெரிய வார்த்தையெல்லாம் அவள் மனதில் இல்லை. புருஷன் விழக்கூடாது. அதுதான்.

அவளைப் பார்த்துத் தையல்காரம்மா வந்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்தார். என்னையும் மாடியிலிருந்து இழுத்துப் போனாள். கண்ணாடிச் சில்லும் பழைய ஊசியும் தனி டின்னில்தான் போகவேண்டும், அவளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அதில் அவள் மகா கண்டிப்பு. ஒருதடவை வெறுங்கையால் ஒரு பாட்டிலை எடுத்ததற்கு எனக்கு விழுந்த திட்டு, என் மாமியார்கூடக் கொடுக்காதது.

பொறுக்கிய மூட்டைகளைக் கரையின் முனையில், தெருவும் கரையும் சேருகிற இடத்தில், ஓரமாக அடுக்குவோம். நகராட்சிக் குப்பை லாரி அதுவரைக்கும்தான் வரும். திங்கட்கிழமை காலையில் அள்ளிக்கொண்டு போய்விடும். நாங்கள் செய்த தப்பு என்றால் இப்படி அடுக்கி வைத்ததுதான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒருநாள் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டு, துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் அண்ணியை "நம்ம தெருவோட பெருமை" என்றார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனபோது, அதே தலைவர் ஒரு கறுப்புப் பையை எங்கள் மூட்டைகளின் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். வீசவில்லை. முடிச்சைச் சரிபார்த்து, சாயாமல் நிறுத்தி வைத்தார்.

"என்ன சார் இது?" என்றாள் அண்ணி.

"வீட்டுக் குப்பைம்மா. ஞாயித்துக்கிழமை நீங்கதான் வந்து எடுப்பீங்களே. தூரமாப் போட்டா உங்களுக்குத்தானே சிரமம்? உங்க வசதிக்குத்தான் இங்கேயே வச்சேன்."

நகராட்சி வண்டி தினமும் வாசலுக்கே வந்து மணியடிக்கிறது. ஆனால் அந்த வண்டிக்காரன் மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுக்கச் சொல்கிறான். கரைமுனை ஒன்றும் கேட்காது பாருங்கள்!

"நாங்க உங்க வீட்டு வேலைக்காரங்க இல்ல சார்" என்றாள்.

"கோபப்படாதீங்கம்மா. சேவைன்னு வந்துட்டா முகம் சுளிக்கலாமா?"

அவர் வைத்ததைப் பார்த்து எதிர்வீடு வைத்தது. எதிர்வீட்டைப் பார்த்துத் தெருவே வைத்தது. நாய்கள் பிய்த்தன. லாரிக்காரர், "மூட்டையா இருந்தா எடுப்பேன், இப்படிச் சிதறிக் கிடந்தா எப்படி?" என்று பாதியை விட்டுவிட்டுப் போனார். ஓரத்தில் இருந்த குவியல் நடுவுக்கு வந்தது. கரைக்கு ஏறும் வழியே அடைத்துக்கொண்டது. அண்ணி வேலைக்குப் போகுமுன் வாரினாள், வந்த பிறகும் வாரினாள். அவள் வாரி முடித்த இடம் காலியாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு பை வந்து உட்கார்ந்தது. இளிச்சவாய் கிடைத்தால் இந்த உலகம் அவன் தலையில் எப்படியெல்லாம் மிளகாய் அரைக்கும் என்று அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

அண்ணன் தினமும் முனைவரை வருவான். பைகளைத் தாண்டக் காலைத் தூக்கிப் பார்ப்பான். தூக்க வராது. திரும்பிவிடுவான். பிசியோ பெண் அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் நடக்கறதில்லையா?" என்று கேட்டாள். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் குனிந்து வாரிக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் முனையில் தடியை ஊன்றி நின்றிருந்தான். தலைவர் பையோடு வந்தார். அண்ணன் தடியைப் பக்கத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல இடது கையை நீட்டினான். வாய் குழறியது.

தலைவர் என்ன நினைத்தாரோ, நீட்டிய கையில் பையை மாட்டிவிட்டார்! "ரொம்ப நன்றிப்பா" என்று தோளிலும் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அண்ணி கோணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அதற்குள் அண்ணன் தெருவுக்குள் திரும்பிவிட்டான், கையில் பையோடு. வலது காலை இழுத்தான், வைத்தான், இழுத்தான், வைத்தான். தலைவர் வீடு முனையிலிருந்து மூன்றாவது வீடு. பிடிக்கப்போன என்னை அண்ணி கை நீட்டித் தடுத்து நிறுத்தினாள். நாங்கள் ஓரடி விட்டுப் பின்னால் போனோம்.

கேட்டைச் சாத்தப்போன தலைவரின் செருப்பருகே பையை வைத்தான் அண்ணன். சாயாமல் நிறுத்தி வைத்தான். ரொம்ப நேரம் உதட்டைக் கூட்டிப் பார்த்து, கடைசியில் சொன்னான்.

"உங்க... ளு... து."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே..." என்று இழுத்தார் தலைவர். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தடி அங்கே முனையில், சுவரில் சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில்கூடக் கண் கலங்காத ஊசியக்கா, நடுத்தெருவில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் அவளுக்கு. "நடந்துட்டார், பார்த்தியா? தடியில்லாம நடந்துட்டார்!" என்றாள் என்னிடம்.

பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷன் தடியில்லாமல் நடந்த முதல் நடை, அடுத்தவர் வீட்டுக் குப்பையைச் சுமந்துகொண்டா நடக்கவேண்டும்?