பலியா, பழியா

முதுகலைப் பட்டத்துக்காக இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடல்களை ஆராய நான் கிளம்பியபோது, பேராசிரியர் முதலில் தந்தது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் எழுதிய பழைய ஆங்கிலப் புத்தகத்தின் நகல். "உங்கட பகுதியைப் பற்றி இதைவிடப் பழைய ஆதாரம் இல்லை" என்றார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடிய பாட்டொன்று அதில் இருந்தது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, கீழே மொழிபெயர்ப்பும் போட்டிருந்தார் துரை. ஓரிடத்தில் 'பிள்ளைப் பலி' என்று வருவதாகச் சொல்லி, இந்தக் கூலிகள் ஒரு காலத்தில் விளைச்சலுக்காகத் தெய்வத்துக்குக் குழந்தைகளைக் காவு கொடுத்தவர்கள் என்று விளக்கமும் எழுதியிருந்தார். பின்னால் வந்த கட்டுரைகள் பலவும் அதையே எடுத்தாண்டிருந்தன. எழுதியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

நான் டயகமப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். எங்கள் கோயிலில் கோழி அறுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குழந்தையை? உண்மையைச் சொன்னால், அன்று எனக்குச் சந்தேகம் வந்தது துரைமேல் அல்ல, எங்கள் ஆட்கள்மேல்தான். இத்தனை காலம் மறைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆங்கிலத்தில், அச்சில் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் இப்போது அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பழைய பாட்டெல்லாம் தெரிந்தவள் என்று பெயர். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "வாங்க டீச்சர்" என்றாள்; படித்தவர்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான். கண் என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தின் மேலேயே இருந்தது.

"எந்த ஆபீஸ்ல இருந்து அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பல. என் படிப்புக்குத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன தடவ ஒரு வெள்ளக்கார அம்மா வந்து லயத்தச் சுத்திச் சுத்திப் படம் புடிச்சாங்க. கூரைக்குப் புதுத் தகரம் வரப்போகுதுன்னு நாங்க காத்திருந்தோம்."

புத்தக நகலை எடுத்து அந்த வரிகளைத் துரை எழுதியிருந்தபடியே வாசித்தேன். 'பிள்ளைப் பலி' என்றதும் ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"பலியா? எவன்டி சொன்னான்?"

டீச்சர் போய் 'டி' வந்துவிட்டது.

"பழிடி அது! கொழுந்து பறிக்கிற ஒருத்தியோட புள்ளைக்குக் காய்ச்சல். போய்ப் பால் குடுத்துட்டு வர்றேன்னு கேட்டிருக்கா. கங்காணியும் விடல, துரையும் விடல. சாயங்காலம் போய்ப் பாத்தா புள்ள செத்துக் கெடக்குது. மறுநாள் மலையில நின்னு, துரை மொகத்துக்கு நேராப் பாடுனா. புள்ளப் பழி ஒன்ன விடாதுன்னு. எங்கம்மா இப்படித்தான் சொல்லும்."

துரையின் ஆங்கில எழுத்தில் பலியும் பழியும் ஒரே 'pali'தான். காதில் விழுந்ததைத் துரை தப்பாக எழுதினாரா, புரிந்துகொண்டேதான் மாற்றினாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தாயின் சாபம் அவர் புத்தகத்தில் எங்கள் காட்டுமிராண்டித்தனத்துக்குச் சாட்சியாகிவிட்டது. நானும் அதை நம்பத் தயாராக இருந்தேன்.

போனில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். "கொரலு வேணாம், பேரும் வேணாம்" என்றாள். பாட்டை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் நோட்டைப் பிடுங்கி ஒவ்வொரு வரியாக வாசித்துப் பார்த்தாள். பேனாவையும் வாங்கி, 'பழி'க்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்ட பிறகுதான் என்னைப் போகவிட்டாள்.

'பழி' என்ற அவள் விளக்கத்தைப் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாய்க் கதையை ஆதாரமா வைக்க ஏலாது. அடிக்குறிப்பில போடுங்கோ." நான் மாட்டேன் என்றேன். பல வாரங்கள் என் இயலைத் தொடாமலே வைத்திருந்தார். கடைசியில் ஆய்வேட்டுக்கான நேர்முகத் தேர்வில் தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "அந்தப் பெண் உங்களை ஏமாற்றவில்லை என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது சேர்" என்றேன். "ஆனால் துரையிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே."

துரையின் பாட்டு வடிவத்தையும் அவளுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு பட்டம் கிடைத்தது. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். "பாட்டுல இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் எழுதிருவ."

ஆய்வேட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அந்த இரண்டு வரியை நான் கேட்கவில்லை. கேட்டாலும், எனக்கென்று வேறு எதையாவது கட்டிச் சொல்லியிருப்பாளோ என்னவோ.